இடது கைப்பக்கத்து நிலம்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் சென்னியப்பன். அவனுக்குப் பின்னால் தாலுகா ஆபீஸ் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, என் கொள்ளுச் செடியைப் பறித்துப் பருப்புக் கடைந்து தின்றுவிட்டு என்னையே குறை சொன்ன ஊர் இருக்கிறது, ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு, அந்த வரிசையில் முன்னால் நிற்பவன் என் பங்காளி சென்னியப்பன்தான். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதை மறக்கிற பழக்கம் மட்டும் எனக்கு வரவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே பாட்டன். அவனை விட நான் நான்கு நாள் மூத்தவன். ஒன்றாகக் கிடந்த காட்டை, மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்போம், எங்கள் அப்பன்கள் காலத்தில் நடுவே ஒரு பொழி போட்டுப் பிரித்தார்கள், பொழி என்பது வரப்புதான், தெற்கே அவனுக்கு, வடக்கே எனக்கு. என் பங்கு ஒரு ஏக்கர் பதிமூன்று சென்ட். மற்ற மூன்று பக்கமும் கிளுவை வேலி, கிழக்கே வண்டிப்பாதையில் ஒரு கடவு, கடவை மூட ஒரு முள்ளுப் படல், மேற்கே வேலிக்கு அப்பால் ஓடை. வடமேற்கு மூலையில் ஒரு நாவல் மரம், அதன் அடியில் என் மயிலாத்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு மண் தள்ளியதும் நான்தான், அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, ஊரில் முந்தின நாள் யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற செய்தியை அவளுக்குச் சொல்லிவிட்டு வந்ததும் நான்தான்.

ஆவணி மாதத்தில் சர்வேயர் வந்தார். பழைய அளவெல்லாம் சங்கிலி பிடித்து எடுத்தது, இனிமேல் காடு முழுக்கக் கம்ப்யூட்டரில் ஏறப்போகிறது, ஒவ்வொரு காட்டையும் மறுபடி நடந்து அளக்க வேண்டும் என்றார். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு, கம்பின் தலையில் கவிழ்த்த சட்டி போல ஒரு மெஷின். மூலைக்கல்லில் கம்பை ஊன்றினால் மெஷின் வானத்தில் யாரையோ கேட்டு இரண்டு நீள எண்களைச் சொல்லும், அவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போவார். முதல் நாள் சென்னியப்பன் காட்டை அளந்தார்கள். நான் பொழி மேல் நின்று பார்த்தேன். காடு தன் இடது கைப்பக்கம் இருக்கும்படியாக சர்வேயர் கல்லுக்குக் கல் சுற்றிப் போனார், குடை பிடித்துக்கொண்டு சென்னியப்பன் அவர் பின்னாலேயே சுற்றினான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இடப்பக்கமாகச் சுற்றுவதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். சாமியை வலமாகச் சுற்றுவோம், பிணத்தை இடமாகச் சுற்றுவோம்.

மறுநாள் என் காட்டில் அதே மாதிரி அவர் இரண்டு எட்டு வைத்ததும் பொழி மேலிருந்து சென்னியப்பனின் சத்தம் வந்தது. "ஏனுங் சர்வேயர், ஆளு உசுரோட குத்துக்கல்லாட்ட நிக்கறான், அவன் காட்டப் போயி எழவுச் சுத்து சுத்தறீங்க?"

சர்வேயர் நின்றார். "எங்க பழக்கம் இதுதானுங்க. நேத்து உங்க காட்டையும் இப்படித்தான சுத்துனேன்."

"என்ர காட்டுல ஆரும் படுத்திருக்கலீங்க. இங்க இவன் ஊட்டுக்காரி இருக்கறா. வலமாப் போனா என்ன கொறஞ்சு போயிரும்?"

சர்வேயர் என்னைப் பார்த்தார். மயிலாத்தாள் பேச்சு வந்ததும் எனக்கும் அது சரியென்று பட்டது. அதுதான் அவன் சாமர்த்தியம். "எப்படிச் சுத்துனாலும் கல்லு அதே கல்லுதான்" என்று சொல்லிவிட்டு சர்வேயர் திரும்பி நடந்தார், நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காட்டை வலது கைப்பக்கம் வைத்து, கோயிலைச் சுற்றுகிற மாதிரி அவர் பின்னால் நடந்தேன். புறப்பட்ட கல்லுக்கே வந்து சேர்ந்ததும் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன். பொழி மேல் அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்த மாதிரி இருந்தது. சிரித்தானா, வாயைத் துடைத்தானா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

புரட்டாசியில் மழை இறங்கியது. கொள்ளு விதைத்தேன். விதைத்த மூன்றாம் நாள் சனிக்கிழமை, காலையில் சொம்போடு போய்ப் படலை நகர்த்திக் கடவுக்குள் கால் வைத்தேன், உள்ளே வைத்த கால் மேற்கு வேலிக்கு வெளியே ஓடைக்கரையில் ஊன்றியது. சுற்றி வந்து மறுபடி வைத்தேன், மறுபடி ஓடைக்கரை. தெற்கே பொழியைத் தாண்டினால் வடக்கு வேலிக்கு வெளியே நின்றேன். என் ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடவில் நுழைந்து ஒவ்வொன்றாக ஓடையில் இறங்கின. நாவல் மரம் தெரிந்தது, மண்மேடு தெரிந்தது, முந்தின நாள் நான் ஊற்றிய தண்ணீரின் ஈரம்கூட மேட்டின் மேல் தெரிந்தது, ஆனால் காட்டுக்கு உள் என்று ஒன்று இல்லை. சொம்பிலிருந்த தண்ணீரை வேலி மேலாக வீசினேன், அது எதிர்ப்பக்கம் பாதையில் போன ஒரு சைக்கிள்காரன் மேல் விழுந்தது, அவன் என்னைத் திட்டிக்கொண்டே போனான். எனக்கு ஆச்சரியமாக இல்லை. யாரோ செய்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

ஏழாம் நாள் கொள்ளு முளைத்தது. என் காட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. ராக்கியப்பன் டீக்கடையில் பெஞ்சுக் காலடியில் முளைத்தது, ரேஷன் கடையில் சீனி மூட்டைக்கும் தராசுக்கும் நடுவில் முளைத்தது, பள்ளிக்கூடத்துக் கொடிமரத்தைச் சுற்றி முளைத்தது, டவுன் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முளைத்து இரண்டாம் வாரத்தில் கம்பியைப் பிடித்து ஏறியது. அந்த வருஷம் கறுப்புக் கொள்ளு விதை என்னிடம் மட்டும்தான் இருந்தது, அதனால் அது யாருடையது என்ற கேள்வி எழவே இல்லை. ராக்கியப்பனின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், தையல் மெஷின்களுக்கு நடுவே நாலு செடி வந்திருப்பதாகப் போன் செய்தான். கப்பலில் சமையல் வேலைக்குப் போன ஊர்ப் பையன் ஒருவன், எந்தக் கடல் என்று அவனுக்கே தெரியாத ஒரு கடலின் நடுவில், மேல்தளத்து இரும்புத் தகட்டின் இடுக்கில் முளைத்திருந்ததைப் படம் பிடித்து அனுப்பி, தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டிருந்தான்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வாரம் மரியாதையாக வந்தார்கள். "அத்தப்பண்ணா, உங்க கொள்ளு எங்க ஊட்டு அம்மியோரத்துல மொளச்சுக் கெடக்குதுங்க. நீங்க வந்து புடுங்கறீங்களா, நாங்களே புடுங்கிக்கட்டுங்களா?" என்று பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள். இரண்டாம் வாரம் கேட்காமல் பிடுங்கினார்கள். மூன்றாம் வாரத்தில் எந்த வீட்டு அடுப்படியில் அதிகமாக முளைத்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் போட்டியாகப் பேசினார்கள், குறைவாக முளைத்த வீட்டுக்காரர்கள் என் ஓரவஞ்சனை என்றார்கள். கார்த்திகையில் ராக்கியப்பன் பேங்கில் நகைக்கடன் போதாமல் காட்டின் பேரில் கடன் கேட்கப் போய், பட்டாவை எடுத்துப் பார்த்தால் அவன் பேருக்குக் கீழே என் பேரும் இருந்தது. ஒவ்வொருவராகப் போய் எடுத்துப் பார்த்தார்கள். கோயில் நிலத்தில் என் பேர், பள்ளிக்கூடத்தில் என் பேர், சுடுகாட்டில் என் பேர், ஓடையில், ரோட்டில், அணைக்கட்டில் என் பேர்.

அதிலிருந்து டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். நான் ஆபீஸில் ஆளைப் பிடித்து ஊரையே எழுதி வாங்கிவிட்டேன் என்று ஒரு கட்சி, மயிலாத்தாளை வைத்து ஏதோ செய்துவிட்டேன் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே என்னைக் கிண்டல் செய்தார்கள்.

"அண்ணா, உங்க ரோட்டுல போறனுங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"உங்க சாக்கடை ரெண்டு நாளா அடச்சுக் கெடக்குதுங்க, வந்து பாருங்க."

"மழை இல்லைங்களே, உங்க மேகத்துக்கு ஒரு வார்த்தை சொல்றது."

ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தக்கால் நடுவதற்கு முன்னால் விடியுமுன் சத்தமில்லாமல் வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். சிரிப்பவனும் பயப்படுபவனும் ஒரே ஆளாக இருக்கிற ஊரில் நான் யாரை நம்புவது? எல்லாருடைய காட்டிலும் எனக்குப் பங்கு இருந்தது, யாருடைய காட்டிலும் எனக்கு வேலை இல்லை, எனக்கு வேலை இருந்த ஒரே ஒரு மேட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோக முடியவில்லை. தினமும் காலையில் வேலியோரம் நின்று செய்தி சொன்னேன். சொல்வது அவளுக்குப் போகாமல் ஓடைக்கு அப்பால் போய் விழுகிறது என்று சந்தேகம் வந்த நாளிலிருந்து அதையும் நிறுத்திக்கொண்டேன். அங்கே எருமை மேய்க்கிறவள் என்னிடம், "அப்பறம் ராக்கியப்பனுக்கு லோன் கெடச்சுதுங்களா?" என்று கேட்டிருந்தாள்.

தாலுகா ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணின் பெயர் சுகுணா. தெற்கத்திப் பக்கத்துப் பெண். மூன்று தடவை என்னைத் திருப்பி அனுப்பினாள், நான்காம் தடவை ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னாள்.

"ஐயா, கம்ப்யூட்டருக்கு நிலம்னா படம் இல்லை, எழுத்துதான். ஒவ்வொரு கல்லுக்கும் ரெண்டு எண்ணு. மொதக் கல்லுல ஆரம்பிச்சு, சுத்தி வந்து, மொதக் கல்லையே மறுபடி எழுதி முடிப்போம். பழைய எழுத்துல எந்தப் பக்கமா சுத்தினாலும் கவலை இல்லை, நடுவுல அடைபட்டதுதான் நிலம். புரட்டாசியில எல்லாத்தையும் புது எழுத்துக்கு மாத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை, குவெரின்னு ஒரே ஒரு வரிக் கட்டளை போட்டோம், ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள தாலுகா முழுக்க மாறிடுச்சு."

"மாறுனா மாறிட்டுப் போகுது. என்ர காடு எங்கீங்க அம்மிணி?"

"புது எழுத்துல ஒரு சட்டம் இருக்குங்க ஐயா. கல்லுக்குக் கல் நடந்து போறவருக்கு இடது கைப்பக்கம் எது இருக்கோ, அதுதான் அவர் நிலம்."

எனக்கு இடது கைப்பக்கம் என்ன இருந்தது என்று யோசித்தேன். பொழி இருந்தது, பொழி மேல் வெற்றிலையோடு சென்னியப்பன் இருந்தான், அவனுக்குப் பின்னால் அவன் காடு இருந்தது, அதற்குப் பின்னால் ஊர் இருந்தது, ஊருக்குப் பின்னால் மீதி எல்லாம் இருந்தது. சுகுணா திரையைத் திருப்பிக் காட்டினாள். பூமி முழுக்க மஞ்சளாக இருந்தது. அவள் ஒரு பட்டனைத் தட்டத் தட்ட அது பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் மஞ்சளுக்கு நடுவே பல் விழுந்த இடம் மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் வந்து நின்றது.

"இந்த மஞ்சள் அத்தனையும் உங்களது. அந்த வெள்ளை மட்டும் உங்களது இல்லை."

"அது ஆருதுங்க?"

"அது யாரோடதும் இல்லைங்க ஐயா. அப்படி ஒரு இடம் இருக்கறதா கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

கல் வரிசையைத் திருப்பி எழுத ஒரு நிமிஷம் போதும், ஆனால் எழுத்தை மேல் ஆபீஸில் பூட்டிவிட்டார்கள், புதிதாக அளந்த தாள் வந்தால்தான் பூட்டைத் திறப்பார்கள் என்றாள். நிலத்துக்காரர் இடப்பக்கமாக ஒரு சுற்று நடக்க வேண்டும், பொழிக்காரர் கூடவே நடந்து தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கிழக்கும் வடக்கும் பாதை, மேற்கே ஓடை, அதெல்லாம் சர்க்கார். கையெழுத்துப் போடுகிற பொழிக்காரன் ஒருவன்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் காட்டுக்குள் இருக்கிற அவன் சாளை வீட்டுக்குப் போனேன். சென்னியப்பன் காளைகளுக்குக் கொள்ளு அவித்துக்கொண்டிருந்தான். என் கொள்ளு. ஊரிலேயே அவன் காட்டில்தான் அது இடுப்பளவு வளர்ந்திருந்தது.

"ஒரு சுத்து எங்கூட நடக்கோணும். கையெழுத்துப் போடோணும்" என்றேன்.

"எந்தப்பக்கமா?"

"இடப்பக்கமா."

அவன் தீயைத் தள்ளி விட்டான். "ஏப்பா அத்தப்பா, நாம பங்காளி. உன்ர ஊட்டுல எழவுன்னா எனக்குந்தான் தீட்டு. அவ செத்தப்ப நானுந்தான மொட்டை போட்டேன். உசுரோட இருக்கறப்ப ரெண்டு பேருஞ் சேந்து எழவுச் சுத்துச் சுத்துனா, எமன் ஆரக் கணக்குல எடுப்பான்?"

"உன்ர காட்ட அப்படித்தான சுத்துனாங்க. பின்னாலயே குடையப் புடிச்சுட்டுப் போனியே."

"நான் வெயிலப் பாத்தனா, சுத்தறதப் பாத்தனா."

"அப்பறம் என்ர காட்டுல மட்டும் எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?"

அவன் அடுப்புப் பக்கம் திரும்பினான். அவித்த கொள்ளில் ஒரு கை அள்ளி ஊதி வாயில் போட்டுக்கொண்டு, "உப்புப் போட்டா நல்லாருக்கும்" என்றான்.

மார்கழி முழுக்க நான் அவன் வீட்டு வாசலுக்குப் போனேன், மார்கழி முழுக்க அவன் மாட்டேன் என்றான். ஊரில் இரண்டு பேர் சமாதானம் பேச வந்தார்கள், வந்தவர்களின் காட்டிலும் என் கொள்ளு நன்றாக விளைந்திருந்ததால் அவர்கள் எந்தப் பக்கம் பேசினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அறுப்பு வந்தது. ஊரே என் கொள்ளை அறுத்தது. வீட்டுக்கு ஒரு படி கொண்டுவந்து என் வாசலில் கொட்டினார்கள், பங்கா பிச்சையா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தையில் மயிலாத்தாளின் வருஷ நாள் வந்தது. சாயங்காலம் வாழை இலையில் சோறும், அவளுக்குப் பிடித்த பச்சைப்பயிறு கடைசலும், ஒரு அகலும் எடுத்துக்கொண்டு போனேன். கடவில் கையை மட்டும் நீட்டி இலையை உள்ளே வைத்தேன், அது ஓடைக்கரையில் போய் இறங்கியது, எருமைகள் பார்த்தன. விளக்கை உள்ளே நீட்டினேன், அதுவும் அங்கே போய் எரிந்தது. வடமேற்கு மூலையில் வேலிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து அவளுடைய மேடு பத்தடிதான். நாவல் இலைகள் மேடு தெரியாமல் மூடியிருந்தன. கூட்டித் தள்ளினால் ஒரு நிமிஷ வேலை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் இருமல் சத்தம் கேட்டது. சென்னியப்பன் துண்டைத் தலையில் கட்டியபடி நின்றிருந்தான். அவனும் அந்த இலைக்குவியலைத்தான் பார்த்தான்.

"வெள்ளிக்கெழம சர்வேயர வரச் சொல்லு" என்றான்.

"எதுக்கு?"

"போச்சாது, போனாப் போகுது, வந்து தொலைக்கறேன். ஒரு சுத்துத்தான?"

"தெரிஞ்சுதான் வலமாச் சுத்தச் சொன்னியா? அத மட்டும் சொல்லு."

"வெள்ளிக்கெழம நடக்கறப்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பொழி மேலேறிப் போனான்.

சர்வேயருக்குச் சொல்லிவிட்டேன். சுகுணா வெள்ளிக்கிழமை மத்தியானமே எழுத்தைத் திருப்பிவிடுவதாகச் சொன்னாள். வியாழக்கிழமை பத்து மணி வெயிலில், காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன், தொட்டியோரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

இடச்சுற்றுக்கு ஒப்புக்கொண்டதால்தான் எமன் ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டான் என்று ஊர் சொன்னது, சொல்லிவிட்டு என்னைப் பார்த்தது. எனக்கு வேறு சந்தேகம். கொடுத்த வாக்கிலிருந்து தப்பிக்க அவன் அவ்வளவு தூரம் போவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மத்தியானம் அவன் மகன் லோகு என் வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "பெரீப்பா, அப்பாவ நம்ம காட்டுலயே, வேப்பமரத்துக்கிட்ட வெக்கலாம்னு இருக்கறமுங்க. பட்டாவுல உங்க பேரும் இருக்குது. குழி தோண்டிக்கலாங்களா?"

அவன் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது, அந்த வேப்பமரத்தடி என் மஞ்சளில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது. உலகத்தில் எந்த இடத்தைச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது.

"உங்கொப்பன் எதாச்சும் சொன்னானா? வலமாச் சுத்தச் சொன்னது தெரிஞ்சா, தெரியாமயான்னு?"

"அப்படி ஒண்ணும் சொல்லலீங் பெரீப்பா. நேத்து சாயங்காலம் செருப்புக்கு வார் மாத்தி ஆணி அடிச்சு வெச்சாருங்க. நாளானைக்கு உங்ககூட நடக்கோணும்னாரு."

செருப்புக்கு ஆணி எதற்கு வேண்டுமானாலும் அடிப்பார்கள். ஆனாலும் தோண்டிக்கொள்ளச் சொன்னேன்.

குழியருகே இறக்கி வைத்து, பங்காளிகள் மூன்று தடவை இடமாகச் சுற்றினோம். கொள்ளிச்சட்டியோடு லோகு முன்னால் போனான், அடுத்த மூத்தவன் என்பதால் அவனுக்குப் பின்னால் நான். ஊர் நின்று பார்த்தது. ஒவ்வொரு சுற்றிலும் சென்னியப்பன் என் இடது கைப்பக்கமாகவே இருந்தான். இடது கைப்பக்கம் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் நிலம் என்று சுகுணா சொன்னது நினைவுக்கு வந்து, இரண்டாம் சுற்றில் எனக்குக் கால் பின்னியது. பின்னால் வந்தவர்கள் அழுகை என்று நினைத்துத் தோளைப் பிடித்தார்கள்.

மறுவாரம் லோகு தானே நடந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று வந்தான். ஆபீஸில் ஒப்பவில்லை. தெற்குப் பட்டா இன்னும் சென்னியப்பன் பேரில்தான் இருக்கிறது, லோகுவுக்கும் அக்கா இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பேர் மாறும். அதுவரைக்கும் பொழிக்காரர் சென்னியப்பன்தான் என்று சுகுணா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பொழிக்காரன் என் காட்டில் படுத்திருக்கிறான். என் மயிலாத்தாள் கம்ப்யூட்டருக்குத் தெரியாத இடத்தில் படுத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொழிதான்.

அவனுக்கு நான் மூன்று சுற்று சுற்றிவிட்டேன். அவன் எனக்கு ஒரு சுற்றும் ஒரு பதிலும் தர வேண்டும். செத்தவன் பொருள் என்று வண்ணானுக்குப் போக வேண்டிய அந்தச் செருப்பை லோகுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டுவந்து என் கடவின் முன்னால், முதல் கல்லுக்குப் பக்கத்தில், இடப்பக்கம் பார்த்து வைத்திருக்கிறேன். யாரும் எடுப்பதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் போய் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன். புது ஆணி அப்படியே பளபளவென்று இருக்கிறது. இன்னும் மண் ஒட்டவில்லை.